வெனிஸ்: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு ஒன்றரை நாள்

கேள்வி: ஜூன் மாதம் பெற்றோருடன் நான்கு பேராக வெனிஸ் போகிறோம். தங்குவது வெனிஸுக்கு எதிரே கரையில் உள்ள மெஸ்த்ரேயில். ஒரு நாள் மதியத்திலிருந்து மறுநாள் மாலை வரைதான் நேரம். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறினால் சிரமம். படகுக்குப் பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட்டா? கோண்டோலா ஏறுவதா, வேண்டாமா?

பதில்: முதலில் பாலங்களைக் கணக்கில் எடுங்கள். வெனிஸில் 400-க்கும் மேல் பாலங்கள், பெரும்பாலானவை படிக்கட்டு வைத்தவை. வரைபடத்தில் பத்து நிமிட நடை என்று தெரிவது நான்கு பாலம் ஏறி இறங்குவதாக இருக்கும். அம்மாவுக்காகப் படகை நம்பித்தான் திட்டம் போட வேண்டும்.

வபொரெத்தோ என்னும் பொதுப் படகில் ஒரு முறை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேரப் பாஸ் 25 யூரோ. மூன்றாவது பயணத்திலேயே பாஸ் லாபம். (கட்டணம் அவ்வப்போது உயரும், கிளம்பும் முன் சரிபாருங்கள்.) அந்த 24 மணி நேரம், படகுத் துறையில் உள்ள கருவியில் பாஸை முதல் முறை காட்டும் கணத்திலிருந்து ஓடும். முதல் நாள் மதியம் 3 மணிக்குக் காட்டினால் மறுநாள் 3 மணி வரை உங்களுடையது. ஒன்றரை நாளில் பெரும்பகுதிக்கு இந்த ஒரு பாஸ் போதும். மறுநாள் 3 மணிக்கு மேல் ஏறினால் மட்டும் தனி டிக்கெட் எடுங்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் காட்ட வேண்டும். மறந்தால் பரிசோதகர் அபராதம் போடுவார்.

மெஸ்த்ரேயிலிருந்து ரயிலில் வந்தால் பத்து நிமிடம்தான். ஆனால் பாஸ் ரயிலுக்குச் செல்லாது. வெனிஸின் சாந்தா லூசியா ரயில் நிலைய வாசலிலேயே அகலமான படிக்கட்டும் காத்திருக்கும். டிராமிலோ நகரப் பேருந்திலோ, அவை வந்து நிற்கும் பியாட்சாலே ரோமா சதுக்கத்துக்கு வாருங்கள். இவற்றில் பாஸ் செல்லும். விமான நிலையப் பேருந்தில் மட்டும் செல்லாது. இன்னொரு வசதி, 1-ம் எண் படகு கிளம்புவதே பியாட்சாலே ரோமாவில்தான். அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். அடுத்த நிறுத்தமான ரயில் நிலையத்தில் ஏறுபவர்கள் பல நேரம் நின்றுகொண்டே போகிறார்கள்.

1-ம் எண் படகு 3.8 கிலோமீட்டர் பெருங்கால்வாய் முழுவதும் நின்று நின்று போகும்; நகரின் முக்கியச் சதுக்கமான சான் மார்க்கோவுக்கு முக்கால் மணி நேரம். இதைவிடச் சிறந்த சுற்றுலா வெனிஸில் கிடையாது என்பேன். போகும்போது இடப்புறம் கா தோரோ மாளிகையின் கல் சரிகை வேலைப்பாடு, அதன்பின் தலைக்கு மேல் 1591-ல் முடிந்த ரியால்டோ பாலம், கடைசியில் வலப்புறம் சலூதே தேவாலயத்தின் பெரிய குவிமாடம்.

இறங்கும் இடம் முக்கியம். சான் சக்கரியாவில் இறங்கினால் சதுக்கத்துக்குப் பாலம் ஏற வேண்டும். அதற்கு முந்தைய சான் மார்க்கோ வல்லரெஸ்ஸோவில் இறங்கினால் பாலமே இல்லாமல் நடந்து சேரலாம். மணிக்கோபுரத்தில் லிஃப்ட் உண்டு, 98.6 மீட்டர் உயரமான அந்தக் கோபுரத்தின் மேலிருந்து அம்மாவும் நகரைப் பார்க்கலாம். அங்கேயே உள்ள பசிலிக்கா என்னும் பெரிய தேவாலயத்தில் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், பெரிய பைக்கு அனுமதி இல்லை. உள்ளே பழைய பளிங்குத் தரை அலை மாதிரி ஏறி இறங்கும். பொன் மொசைக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் கால் இடறும். நின்று பார்த்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள். தேவாலயத்தின் புகழ்பெற்ற வெண்கலக் குதிரைச் சிலைகளின் அசல் மேல்தளத்தில், செங்குத்தான படிகளுக்கு மேலே இருக்கிறது. அம்மாவுக்கு முகப்பில் உள்ள நகல் போதும்.

கோண்டோலாவின் அதிகாரபூர்வக் கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 110. இது ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். ஏறும் முன் நேரத்தையும் தொகையையும் பேசி முடித்துவிடுங்கள். ஆடும் படகுக்குள் கால் வைத்து இறங்குவதுதான் அம்மாவுக்குச் சிரமம், படகோட்டி கை கொடுப்பார். அதில் ஏறிய அனுபவம் மட்டும் போதும் என்றால் ‘த்ரகெத்தோ’ இருக்கிறது. சாந்தா சோபியாவிலிருந்து ரியால்டோ சந்தைக்குக் கால்வாயைக் குறுக்கே கடக்கும் பொது கோண்டோலா, ஆளுக்கு 2 யூரோ. காலையில் போங்கள். மீன் சந்தைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை.

நீங்கள் கேட்காத ஒன்று: ஏப்ரல் முதல் ஜூலை வரை அறிவிக்கப்பட்ட நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 வரை பகல்நேரப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதான் என்பதால் அங்கே அறை எடுத்த உங்களுக்கு விலக்கு. ஆனால் அந்த விலக்கை இணையத்தில் பதிந்து கியூஆர் குறியீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஹோட்டல் ரசீது மட்டும் போதும் என்று வந்து வாசலில் நிற்காதீர்கள்.

ஜூனில் சூரியன் மறைய இரவு 9 ஆகும். முதல் நாள் பகல்நேரக் கூட்டம் கலைந்தபின் வல்லரெஸ்ஸோவில் மீண்டும் 1-ம் எண் படகு ஏறி பியாட்சாலே ரோமாவிலேயே இறங்குங்கள். டிராம் அங்கேயே நிற்கும்.