வெளியே போவதை யார் பார்க்கிறார்கள்?

கேள்வி: எங்கள் சிறு அலுவலகத்தில் 12 கணினிகள், ஒரு சர்வர். எல்லாவற்றிலும் விண்டோஸ் ஃபயர்வால் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்ய 3389 போர்ட்டைத் திறந்திருக்கிறோம். தனி ஃபயர்வால் வேண்டுமா?

பதில்: வேண்டும். ஆனால் அதற்கு முன், அந்த 3389 போர்ட்டை இன்றே மூடிவிடுங்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான வாசல் அது. திறந்திருப்பது தெரிந்தால், தானியங்கி நிரல்கள் கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முயன்றுகொண்டே இருக்கும். போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்பார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள், 65,535 எண்களையும் துழாவ அதிக நேரம் பிடிக்காது. வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தின் ஊடே பூட்டிய தனிப் பாதை) அமைத்து அதன் வழியே உள்ளே வாருங்கள். சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே அனுப்பாது.

விண்டோஸ் ஃபயர்வால் நல்லதுதான், அணைக்காதீர்கள். ஆனால் இயல்பான அமைப்பில், உள்ளே வருவதைத் தடுக்கும் அது, வெளியே செல்வதைத் தடுப்பதில்லை. உள்ளே நுழைந்த தீநிரல் தன் எஜமானரிடம் பேசுவது அந்த வழியில்தான்.

இணைய இணைப்புக்கும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே, இரண்டு நெட்வொர்க் கார்டுள்ள கணினியில் ஓப்பிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வாலை நிறுவுங்கள். 2015இல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வாலிலிருந்து பிரிந்த இலவச மென்பொருள் இது. நிறுவியதோடு நிறுத்திவிடாதீர்கள்: அதுவும் உள் நெட்வொர்க்கிலிருந்து எல்லாவற்றையும் வெளியே விடும் விதியுடன்தான் வருகிறது. முதலில் பதிவேட்டை (லாக்) இயக்கி, எந்தக் கணினி எங்கே போகிறது என்று சில நாட்கள் பாருங்கள். பிறகு சர்வருக்கு அப்டேட், பேக்கப் முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். பிரிண்டருக்கு இணையமே தேவையில்லை.