மந்தையின் முதுகில் விழும் வெளிச்சம்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஆடு மேய்க்கும் பெண் ஓவியத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பழகுகிறேன். பெண்ணும் ஆடுகளும் தனித்தனியே நன்றாக வந்தாலும், மொத்தமாகப் பார்த்தால் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்தேன். உருவங்களை வரைந்ததில் குறையில்லை, வெளிச்சத்தில்தான் குறை. முன்னால் நிற்கும் ஏழு ஆடுகளுக்கும் கண், காது, குளம்பு வரை வரைந்து, கம்பளிக்குக் குழாயிலிருந்து பிதுக்கிய வெள்ளையை அப்படியே பூசியிருக்கிறீர்கள். 1864-ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் இடம்பெற்று, இன்று அந்நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல ஓவியத்திலோ மந்தையை ஒவ்வோர் ஆடாக எண்ணிவிட முடியாது. தாழ்ந்த சூரியனின் ஒளி முதுகுகளின் மேல்விளிம்பை மட்டும் தொட்டுச் செல்ல, வயிறும் கால்களும் ஒரே நிழலில் கலந்து, மந்தை முழுவதும் மெல்ல அலையடிக்கும் ஒற்றைப் பரப்பாகிவிடுகிறது.

பெண்ணுக்கும் இதே விதிதான். குனிந்து நூல் பின்னிக்கொண்டிருக்கும் அவளுடைய முகம் பெரும்பாலும் நிழலில் இருக்க, தலையை மூடிய சிவப்புத் துணி மட்டுமே அந்த மங்கிய நிலத்தில் சற்று ஓங்கி ஒலிக்கும் நிறம். நீங்களோ அவளைச் சுற்றிக் கருங்கோடு இழுத்துவிட்டீர்கள். வெட்டி ஒட்டியதுபோல் தெரிவதற்கு அந்தக் கோடே முதற்காரணம்.

அடுத்த முறை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். அப்போது வானம், நிலம், மந்தை, பெண் என்று நான்கு திட்டுகள்தாம் தெரியும். முதல் நாளில் அவற்றை மட்டும் நீர்த்த வண்ணத்தில் இட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பைக் கலந்தால் போதிய ஆழம் கிடைக்கும். வெள்ளையில் சிறிது மஞ்சள் ஓக்கர் என்ற மண்மஞ்சள் நிறம் சேர்த்த கெட்டியான வண்ணத்தைக் கடைசியில் எடுத்து, முதுகு விளிம்புகளில் மட்டும் வைத்து, அதன் கீழ்ப்பக்கத்தை உலர்ந்த தூரிகையால் நிழலுக்குள் இழுத்துவிடுங்கள். தொலைவிலுள்ள ஆடுகளுக்கு அதுவும் தேவையில்லை.

மில்லே நார்மண்டியில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1849-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள பார்பிசான் என்ற சிற்றூரில் குடியேறிய பிறகும், வயலில் கண்டதைப் பெரும்பாலும் நினைவிலிருந்தே ஓவியக்கூடத்தில் தீட்டியவர். நீங்களும் மூலப்படத்தை ஒரு நாள் மூடிவைத்துவிட்டுத் தீட்டிப் பாருங்கள். குளம்புகள் தாமாகவே மறந்துபோகும். வலப்புறம் காவல் நிற்கும் நாயை மட்டும் மந்தையோடு கரைத்துவிடாதீர்கள்.