பேருந்து இருக்கும்போது சென்னையில் ஏன் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போகிறார்கள்?

பஸ் இருக்கிறது, சரி. அதில் ஏற முடிகிறதா? மேடவாக்கம் கூட்டு ரோட்டில் ஒரு வாரம் காலை எட்டரைக்கு நின்று பாருங்கள், நீங்களே ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டுவீர்கள்.

2014 முதல் ஐந்து வருடம் அங்கிருந்துதான் சோழிங்கநல்லூருக்கு வேலைக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் எனக்கு 15 ரூபாய் ஆனது. தனி ஆட்டோ என்றால், 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணப்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, அப்புறம் கிலோமீட்டருக்கு 12. ஆறு கிலோமீட்டர் போனாலே 75 ரூபாய் ஆகியிருக்கும். அதுவும் மீட்டர் போட்டால்!

இந்த 15 ரூபாய் ஓட்டுநருக்குக் கட்டுப்படியாக வேண்டுமானால் வண்டி நிரம்ப வேண்டும். அதனால் கிளம்புகிற மாதிரி உறுமிக்கொண்டு இரண்டடி முன்னால் போய் மறுபடி நிற்கும். உள்ளே இருப்பவர்கள் "போலாம்ணா, டைம் ஆச்சு" என்பார்கள். "ஒரே ஒரு ஆளு சார்" என்பார் ஓட்டுநர். அந்த ஒரு ஆள் மூன்று பேராக வருவார்கள்.

உட்காருவதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வழியில் ஒரு பெண் கை காட்டினால் பின்னால் இருக்கும் ஆண் இறங்கி முன்னால் போய்விட வேண்டும். ஓட்டுநரின் இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி சீட். ஒரு கால் வெளியே, ஒரு கை கம்பியில். நான் பெரும்பாலும் அங்கேதான் போனேன். வழியில் பெரும்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள் ஏறுவார்கள். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தி அங்கே குடிவைக்கப்பட்ட குடும்பங்கள் அவை. அவர்களுக்கு வேலை வீட்டின் தெருமுனைதான் ஸ்டாப்பிங். பஸ் அங்கெல்லாம் நிற்காது.

எழுதிய சட்டமோ வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஒப்பந்த வண்டி, அதாவது ஆட்டோ போல மொத்தமாக வாடகைக்குப் பேசி ஓட்டும் வண்டி, வழியில் வேறு ஆளை ஏற்றி இறக்கக் கூடாது. ஷேர் ஆட்டோ செய்வதே அதைத்தான்! டிராபிக் போலீஸ் தெரிந்தால் முன்சீட்டுக்காரர்களை இறக்கிவிட்டு, "முன்னாடி நடந்து வாங்க, ஏத்திக்கிறேன்" என்பார் ஓட்டுநர். நடந்திருக்கிறேன், டை கட்டிக்கொண்டு.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம் வந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இப்போது அந்த பஸ் வந்தால் பஸ், கால் மணி நேரம் பார்த்தும் வராவிட்டால் ஆட்டோ. வண்டியும் மாறிக்கொண்டிருக்கிறது. நாலு சக்கர டாடா மேஜிக் நிறைய ஓடுகிறது. அதையும் ஷேர் ஆட்டோ என்றுதான் சொல்கிறோம்.

முதல் தடவை ஏறுவதாக இருந்தால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் சவாரியில் 500 ரூபாய் நோட்டை நீட்டி நான் வாங்கிய திட்டு போதும்.