'ஜீன் கோளாறு' என்றால் பரம்பரை நோயா?

பெரம்பூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என் 15 வயது மகனுக்கு முழங்காலுக்கு மேல் எலும்பில் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் (திசுச் சோதனையில்) வந்திருக்கிறது. ஜீன் கோளாறு என்றார் டாக்டர். என் பக்கத்து ரத்தம்தான் காரணம் என்கிறார்கள் புகுந்த வீட்டில். மகளுக்கும் வருமா? உடனே ஆபரேஷன் செய்யாமல் ஏன் முதலில் கீமோ?"

அந்தப் பழிச்சொல்லை இறக்கி வையுங்கள் அம்மா. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தக் கோளாறு அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வருவதில்லை. பிறந்த பிறகு, வளரும் எலும்பில் ஏதோ ஒரு செல்லில் நேர்வது.

நம் எல்லாச் செல்களிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதிதான். எது எப்போது, எந்த அளவுக்கு வேலை செய்யவேண்டும் என்ற கட்டுப்பாடுதான் ஒன்றை எலும்பாக்குகிறது, ஒன்றை ஈரலாக்குகிறது. பதின்வயதில் முழங்காலை ஒட்டிய எலும்பு முனைகளில் செல்கள் வெகுவேகமாகப் பெருகும். 'போதும், நில்' என்று சொல்வது ஆர்பி1 மரபணு. சேதமான செல்லைத் தடுத்து நிறுத்துவது டிபி53. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் அதன் சொல் கேட்டு இயங்குகின்றன. இந்த நோயில் பெரும்பாலும் அதுதான் செயலிழக்கிறது. சிலருக்கு, வளர்ச்சியைத் தூண்டும் எம்.ஒய்.சி. மரபணுவின் பிரதிகளும் கூடிவிடும். செல் பெருகிக்கொண்டே போகிறது, முதிர்ந்த எலும்புச் செல்லாக மாறுவதே இல்லை.

பரவுவதும் பெருமளவு இந்தக் கட்டுப்பாடு பிசகுவதால்தான். நுரையீரலுக்குப் போன கட்டிகளை ஆராய்ந்தபோது, மரபணுக்களை முடுக்கிவிடும் 'என்ஹான்சர்' பகுதிகள் முதல் கட்டியில் இல்லாத இடங்களில் விழித்திருந்தன. புதிய ரத்தக்குழாய்களை வரவழைக்கும் விஈஜிஎஃப் புரதத்தையும் கட்டி அதிகமாகச் சுரக்கும்.

கீமோ முதலில் வருவது இதற்காகத்தான். கீமோ இல்லாத காலத்தில், காலையே எடுத்த பிறகும் 10 பேரில் 8 பேருக்கு நுரையீரலில் கட்டி வந்தது. ஸ்கேனில் தெரியாத துணுக்குகள் முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. இன்று மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகளைக் கொடுத்து, ஆபரேஷன் செய்து, பிறகும் அவற்றைத் தொடர்கிறோம். பரவாத நிலையில் வருபவர்களில் 10க்கு 6, 7 பேர் பிழைக்கிறார்கள், பெரும்பாலோர் காலையும் இழக்காமல். தயவுசெய்து கீமோவின் எந்தச் சுற்றையும் தள்ளிப்போடாதீர்கள். நாட்டுக் கட்டு, எண்ணெய் நீவல் என்று யார் கூப்பிட்டாலும் போகவேண்டாம். கட்டி அரித்த எலும்பு எளிதில் முறிந்துவிடும். செலவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

மகள் விஷயம். மகனுக்குக் குழந்தைப் பருவத்தில் கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் இருந்ததா? நெருங்கிய உறவில் இளவயதிலேயே மார்பக, மூளை, அட்ரினல் (சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி) புற்றுநோய் யாருக்காவது வந்ததா? இருந்தால் மகனின் ரத்தத்தில் டிபி53, ஆர்பி1 பரிசோதனை அவசியம். இல்லாவிட்டாலும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் போன்ற பெரிய மையத்தில் மரபணு ஆலோசனை ஒருமுறை கேட்டுவிடுங்கள். கட்டியில் செய்யும் சோதனை வேறு, ரத்தத்தில் செய்வது வேறு. பரம்பரையா என்பதை ரத்தச் சோதனைதான் உறுதியாகச் சொல்லும். மகனின் ரத்தத்தில் ஒன்றும் இல்லையென்றால், மகளுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்து அவளைப் பயமுறுத்த வேண்டாம். தூக்கத்திலிருந்து எழுப்பும் எலும்பு வலியோ, வாரக்கணக்கில் வற்றாத வீக்கமோ வந்தால் மட்டும் ஓர் எக்ஸ்ரே எடுங்கள்.