4294967297: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கே: சார், 4294967297 பகா எண்ணா?
ப: இல்லை. 641 × 6700417.

கே: இதற்குத் தனிப் பெயர் உண்டா?
ப: ஐந்தாம் ஃபெர்மா எண் (0-இலிருந்து எண்ணினால்), அதாவது 2³² + 1. 2, 2², 2⁴, 2⁸ என்று வர்க்கப்படுத்திக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருபவை ஃபெர்மா எண்கள். இந்த வரிசையில் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள். மற்றவையும் அப்படித்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் 641-ஐக் கண்டுபிடித்து அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தார்.

கே: இவ்வளவு பெரிய எண்ணை வகுக்காமலே 641-ஐ நிரூபிக்க முடியுமா?
ப: முடியும், இதில் இருக்கும் அழகே அதுதான். 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 5×2⁷ + 1, 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5×2⁷-ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது மடங்குக்கு ஒன்று குறைவு). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். ஆக −2³²-க்கு மீதி 1, அதனால் 2³² + 1-க்கு மீதி 0. பலர் அந்தக் கழித்தல் குறியைத் தவறவிட்டு 2³² − 1 வகுபடும் என்று முடித்துவிடுவார்கள். கவனம்.

கே: 6700417-க்கு மேற்கொண்டு காரணி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
ப: அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். 4294967297-இன் பகாக் காரணிகள் எல்லாம் 128k + 1 வடிவில்தான் (k ஒரு முழு எண்) வரும் என்பது கணிதவியலாளர் லூகாஸ் கண்டது. 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் ஐந்தே: 257, 641, 769, 1153, 1409. இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது என்பதால் 257 கழிந்தது. மற்ற நான்கால் வகுத்தால் மீதி 44, 120, 334, 622.

கே: இது பகா எண்ணா?
ப: முதல் பதில்.

கே: எண் ஜோதிடப்படி நல்ல எண்ணா?
ப: இலக்கங்களைக் கூட்டினால் 59, எனவே 3ஆல் வகுபடாது. அதற்கு மேல் ஜோதிடரைக் கேளுங்கள்.

கே: 2-ஐ வைத்து ஃபெர்மா சோதனை போட்டேன் (எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று). பகா எண் என்றுதான் வருகிறது. நீங்கள் சொல்வது தவறோ?
ப: சோதனை சரி, நீங்கள் எடுத்த முடிவு தவறு. 2³²-க்கு மீதி −1, எனவே 2⁶⁴-க்கு மீதி 1. எண்ணில் ஒன்றைக் கழித்தால் வரும் 2³², 64இன் மடங்கு. தேறாமல் எப்படி இருக்கும்? 2-ஐ வைத்தால் எல்லா ஃபெர்மா எண்ணும் தேறிவிடும்.

கே (அவரே): அதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையிலும் தேறுகிறதே!
ப: 2-ஐ ஐந்து முறை வர்க்கப்படுத்தினால் 2³², அதாவது மீதி −1; வர்க்கப்படுத்தும் வழியில் −1 வந்தாலே அந்தச் சோதனையில் தேர்ச்சி. தேறத்தான் செய்யும். இந்த அளவு எண்களுக்கு 2, 7, 61 மூன்றையும் வைத்துப் பாருங்கள். 4759123141-க்குக் கீழே அந்த மூன்று போதும்.

கே (இன்னொருவர்): அப்படியானால் சோதனையே வீண்தானே?
ப: வீணில்லை. ‘பகு எண்’ என்று அது சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ‘பகா’ என்றால், 2 போன்ற ஒரே ஒரு எண்ணை வைத்துச் செய்த சோதனையை நம்பக் கூடாது.

கே: என் நிரலில் இந்த எண் 1 என்று பதிவாகிறது.
ப: 32 பிட் மாறியில் போட்டிருப்பீர்கள். அதில் 2³² வந்ததும் எண்ணிக்கை மீண்டும் 0-இலிருந்து தொடங்கும். 64 பிட்டுக்கு மாறுங்கள்.

கே: 64 பிட்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் மில்லர்-ராபின் உளறுகிறது.
ப: நல்ல கேள்வி! மீதியாக வரக்கூடிய பெரிய எண் 2³². அதன் வர்க்கம் 2⁶⁴. குறியில்லா 64 பிட்டில் 2⁶⁴ − 1 வரைதான் கொள்ளும், எனவே 1 வரவேண்டிய இடத்தில் 0 வரும். பெருக்கலை 128 பிட்டில் செய்யுங்கள்.

கே: பகா எண்தானே சார்?
ப: மேலே பார்க்கவும்!

கே: இத்தனை பக்கம் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோல், காம்பஸ் வைத்து வரைய முடியுமா?
ப: இதற்கு முடியாது. ஒற்றைப்படைப் பக்கம் என்றால், வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணாக இருந்தால்தான் வரைய முடியும். இரண்டு பக்கம் குறைத்தால் முடியும். 4294967295 = 3×5×17×257×65537; இந்த ஐந்தும் ஃபெர்மா பகா எண்கள். வரைய முடியும் என்று இதுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் பெரியது அதுதான்.