வாசகர் கேள்வி – பதில்: ஜெர்மனிக்குள் வந்த ஜெர்மன் அகதிகள்

கேள்வி: முனிச்சில் வேலை பார்க்கிறேன். நான் குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். அசல் ஜெர்மன்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் "எங்க ஊர்" என்று அவர் சொல்வது செக் நாட்டில் இருக்கும் ஒரு ஊரை. கைக்குழந்தையாக அகதியாய் வந்தாராம். ஜெர்மன்காரர் ஜெர்மனிக்கே வந்தால் அது எப்படி அகதி?
– வாசகி, முனிச்

பதில்: அவர் சுடேட்டன் ஜெர்மானியராக இருப்பார். இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதியான பொஹீமியா, மொராவியாவின் எல்லையோரங்களில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஜெர்மன் பேசும் மக்கள், சுமார் 30 லட்சம் பேர். 1918 வரை அவர்கள் ஆஸ்திரியப் பேரரசின் குடிமக்கள், அதற்கப்புறம் செக்கோஸ்லோவாகியாவின் குடிமக்கள். 1938-இல், பிரிட்டனும் பிரான்சும் சம்மதித்துக் கையெழுத்திட்ட முனிச் ஒப்பந்தத்தின் பேரில் ஹிட்லர் அந்தப் பகுதியை எடுத்துக்கொண்டபோதுதான் அவர்கள் ஜெர்மனியோடு சேர்ந்தார்கள், அதுவும் ஏழே வருடம். போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக் அரசு அவர்களுடைய குடியுரிமையையும் சொத்தையும் பறித்தது. 1945 கோடையில் அடித்து விரட்டினார்கள். மொராவியாவின் பர்னோ நகரிலிருந்து மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்திரிய எல்லையை நோக்கி நடத்தியே கொண்டுபோனார்கள், வழியில் செத்தவர்கள் பலர். 1946-இல் அதையே திட்டமிட்டுச் செய்தார்கள்: சரக்கு ரயில், ஒரு பெட்டிக்கு சுமார் 30 பேர், தலைக்கு 50 கிலோ சாமான். உங்கள் பாட்டி அப்படி ஒரு பெட்டியில் வந்திருக்கலாம். பிறந்த மண்ணும் வீடும் பறிபோய், கண்ணால் பார்த்தே இராத ஒரு நாட்டில் இறக்கிவிடப்பட்டவரை அகதி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கேள்வி: ஒரே மொழி, ஒரே இனம். அப்படியானால் உள்ளூர்க்காரர்களோடு ஒட்டிக்கொள்வது சுலபமாகத்தானே இருந்திருக்கும்?
– வாசகர், மதுரை

பதில்: வெளியிலிருந்து பார்க்கும் எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறோம், உள்ளே நடந்தது வேறு. 1950-இல் மேற்கு ஜெர்மனியில் மட்டும் இப்படி வந்தவர்கள் சுமார் 80 லட்சம் பேர் (சுடேட்டன்காரர்கள் மட்டுமல்ல, போருக்குப் பின் ஜெர்மனி இழந்த கிழக்குப் பகுதிகளான சிலேசியா, கிழக்குப் பிரஷ்யா, பொமரேனியா எல்லாம் சேர்த்து). நகரங்கள் குண்டுவீச்சில் தரைமட்டமாகிக் கிடந்ததால் இவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, விவசாயிகளின் வீட்டில் ஒரு அறையை அதிகாரிகளே ஒதுக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு அதில் விருப்பமா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. ஒரே அடுப்பில் இரண்டு குடும்பம் சமைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கத்தோலிக்கக் குடும்பம் புராட்டஸ்டன்ட் கிராமத்தில் போய் இறங்கும், ஞாயிற்றுக்கிழமை போக ஒரு கோயில் இருக்காது. பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வந்தபோது அதுவும் ஒரு தகராறு. பேச்சு வழக்கைக் கேட்டே "வந்தேறி" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இனம் ஒன்று என்பது பசிக்கிற வீட்டில் ஒரு உருளைக்கிழங்கைக் கூடக் கூடுதலாகக் கொண்டுவந்துவிடவில்லை.

பின்னே எது அவர்களை நிலைக்க வைத்தது? என் பதில்: வேலையும், சேர்ந்து இருக்க அவர்கள் பிடித்த பிடிவாதமும். இதற்குக் காப்லோன்ஸ் ஊர்க்காரர்களைச் சொல்ல வேண்டும். காப்லோன்ஸ் (இன்றைய செக் பெயர் யாப்லோனெட்ஸ்) கண்ணாடி மணிக்கும் கவரிங் நகைக்கும் உலகப் பெயர் பெற்ற ஊர். அந்தக் காலத்தில் இந்தியாவுக்குக் கண்ணாடி வளையல் ஏற்றுமதி செய்ததும் இந்த ஊர்தான். அந்தத் தொழில் ஒரு ஆளால் நடக்காது. ஒருவர் வண்ணக் கண்ணாடிக் கம்பி வார்ப்பார். இன்னொருவர் தன் சின்னப் பட்டறையில் அந்தக் கம்பியின் நுனியை உலையில் இளக்கி, அச்சு வைத்த இடுக்கியில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்துவார், அந்த அழுத்திலேயே ஊசி ஏறி மணிக்குத் துளை விழும். பட்டை தீட்ட ஒருவர், உலோகக் கொக்கி செய்ய ஒருவர், கோத்து அட்டையில் தைக்க வீட்டுப் பெண்கள், ஆர்டர் பிடிக்க ஒரு ஏற்றுமதியாளர். இந்தச் சங்கிலியை நாலு திசைக்கும் சிதறவிட்டால் கைத்தொழில் தெரிந்தவர் வெறும் கூலியாளாகிவிடுவார்.

அதிகாரிகளோ அகதிகள் ஒரே இடத்தில் கூட்டமாகச் சேருவதை விரும்பவில்லை. அந்த நேரத்தில் எரிக் ஹுஷ்கா என்ற பொறியாளர், பவேரியாவில் காவ்ஃப்பாய்ரன் ஊருக்குப் பக்கத்தில், அமெரிக்கப் படை வெடிவைத்துத் தகர்த்த ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையின் இடத்தைப் பிடித்துக் கொடுத்தார். காட்டுக்குள்ளே உடைந்த கான்கிரீட். 1946 முதல் அந்த இடிபாடுகளை அவர்களே ஒதுக்கி, கிடைத்த தகரத்தையும் பழைய உலோகத்தையும் வைத்துத் தொழிலை ஆரம்பித்தார்கள். இன்று அந்த இடத்தின் பெயர் நாய்காப்லோன்ஸ், அதாவது புதிய காப்லோன்ஸ். பவேரியாவிலேயே வால்ட்கிரைபுர்க், கெரெட்ஸ்ரீட் போன்ற ஊர்களும் போர்க்காலத் தொழிற்சாலை நிலத்தில் அகதிகள் எழுப்பியவைதான். கலைந்து கரைந்தால்தான் ஒட்ட முடியும் என்று சொல்பவர்களுக்கு நாய்காப்லோன்ஸைக் காட்டுவேன். சேர்ந்து இருந்ததால்தான் கையில் காசு வந்தது, காசு வந்ததால்தான் உள்ளூர்க்காரர் மதித்தார்.

கேள்வி: விட்டுவந்த சொத்துக்கு இழப்பீடு கொடுத்தார்களா?
– வாசகர், ஈரோடு

பதில்: மேற்கு ஜெர்மனியில் 1952-இல் ஒரு சட்டம் வந்தது. போரில் சொத்து தப்பியவர்கள், 1948 நாணய மாற்றத்தின்போது இருந்த மதிப்பில் பாதியை வரியாகக் கட்ட வேண்டும். ஒரேயடியாக அல்ல, 30 வருடத் தவணையில். அந்தப் பணம் எல்லாம் இழந்தவர்களுக்குப் போனது. முதலில் வீட்டுச் சாமான் வாங்க ஒரு தொகை, பிறகு கடன், இழப்பீடு, முதியோருக்கு உதவித்தொகை. இழந்த பண்ணைக்கும் ஆலைக்கும் அது ஈடாகவில்லை, உண்மைதான். இருந்தாலும் "உன் இழப்பில் எனக்கும் பங்கு உண்டு" என்று தப்பித்தவர்களைச் சட்டத்தின் மூலம் சொல்ல வைத்தார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். கிழக்கு ஜெர்மனிக்குப் போன சுமார் 40 லட்சம் பேருக்கு இப்படி எதுவும் கிடையாது. ஆரம்ப வருடங்களில் கொஞ்சம் உதவி, அப்புறம் பழைய ஊரைப் பற்றிப் பொதுவில் பேசவே விடவில்லை.

கேள்வி: ஹிட்லரை வரவேற்றவர்கள்தானே அவர்கள்? எதற்கு இரக்கப்பட வேண்டும்?
– வாசகர், சென்னை

பதில்: முதல் பாதியை மறுக்க மாட்டேன். 1935 தேர்தலில் செக்கோஸ்லோவாகியாவின் ஜெர்மன் ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு சுடேட்டன் ஜெர்மானியர்களின் தலைவர் கோன்ராட் ஹென்லைனின் கட்சிக்குப் போனது, அந்தக் கட்சி அந்தப் பகுதியை ஹிட்லரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் பிறகு நாஜிகள் லிடித்ஸே என்ற செக் கிராமத்தில் 1942 ஜூனில் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டது, யூதர்களைக் கொன்றது, இவையெல்லாம் செக் மக்கள் மனதில் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வேறு பக்கம் போனதே? வென்சல் யாக்ஷ் போன்ற சமூக ஜனநாயகவாதிகள் உயிருக்குப் பயந்து லண்டன் ஓடினார்கள். நாஜிகளை எதிர்த்தவர்களும் கடைசியில் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது. கொஞ்சம் கூடுதல் சாமான் எடுத்துப்போக விட்டார்கள், அதுதான் சலுகை. ஓட்டே போடாத குழந்தைகளை விடுங்கள். குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கலாம், பிறப்புக்குக் கொடுக்கக் கூடாது.

அகதிகள் பக்கமும் ஒரு குறை உண்டு. 1950 ஆகஸ்டில் ஷ்டுட்கார்ட்டில் அவர்களுடைய அமைப்புகள் பழிவாங்க மாட்டோம் என்று சாசனம் வெளியிட்டன. நல்ல விஷயம். ஆனால் தங்கள் துன்பத்துக்கு முன்னால் ஜெர்மனி செய்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் செக் மக்களோடு பேச இத்தனை வருடம் காத்திருக்க வேண்டியிருக்காது.

கேள்வி: பேரன் பேத்திகள் இன்னும் தங்களை சுடேட்டன்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்களா?
– வாசகி, கோவை

பதில்: பெரும்பாலும் பவேரியர்கள் என்றே சொல்வார்கள், கேட்டால் "தாத்தா வீடு அங்கே" என்பார்கள். அகதிகளுக்கென்று தொடங்கிய கட்சி 1950-இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 23 சதவீத ஓட்டு வாங்கியது. 1957-இல் நாடாளுமன்றத்தில் இடமே இல்லை. தனிக் கட்சி தேவைப்படாத அளவுக்கு வயிறும் வீடும் நிறைந்துவிட்டன. நாய்காப்லோன்ஸில் பழைய காப்லோன்ஸ் மலைப்பகுதியின் பேச்சு வழக்கைப் பேசுபவர்கள் முதியவர்கள்தான். சுடேட்டன் அமைப்பு 2015-இல் ஊரைத் திரும்பப் பெறும் நோக்கத்தைத் தன் விதிகளிலிருந்து எடுக்க முடிவு செய்தது, உள்ளுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. அதே வருடம் பர்னோ நகராட்சி, அன்று விரட்டியதற்கு வருத்தம் தெரிவித்தது. செக் இளைஞர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து அந்த வழியை எதிர்த்திசையில், ஊரை நோக்கி நடந்தார்கள். உரிமை கேட்பதை விட்ட பிறகுதான் கதவு திறந்தது என்று நினைக்கிறேன்.

முனிச் வாசகிக்கு ஒரு யோசனை: உங்கள் ஊரிலேயே 2020-இல் திறந்த சுடேட்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. காவ்ஃப்பாய்ரனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான், நாய்காப்லோன்ஸிலும் ஒரு அருங்காட்சியகம் உண்டு. பாட்டிக்கு நடக்க முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.