கழுத்தைத் திருகிச் சொடக்கெடுத்தால் உடல்வலி தீருமா?

கேள்வி: எனக்கு 43 வயது. தோவாளையில் வீட்டிலிருந்தபடி பூக்கட்டுகிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கழுத்திலிருந்து கால்வரை வலி. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சரியாக உள்ளன, ஃபைப்ரோமயால்ஜியா என்கிறார்கள். மருந்துக்கடை வலி மாத்திரையில்தான் நாள் ஓடுகிறது. விரல் மரத்துப்போதல், மறதி, காலையில் உடல் இறுக்கம் ஆகியவையும் உண்டு. முதுகெலும்பு விலகியிருப்பதால்தான் இந்த வலி, கழுத்தையும் முதுகையும் கையால் திருகிச் சொடக்கெடுக்கும் கைரோபிராக்டிக் முறையில் அதைச் சரிசெய்யாவிட்டால் கைகால் விழுந்துவிடும் என்று காணொளியில் பார்த்தேன். போகலாமா?

பதில்: உங்கள் கைகால் விழாது. ஃபைப்ரோமயால்ஜியா பக்கவாதத்தை உண்டாக்கும் நோயன்று. அது மூட்டை அரிப்பதில்லை, எலும்பை இடம் மாற்றுவதும் இல்லை. வலியை உணரும் மூளையும் தண்டுவடமும் அளவுக்கு மீறிக் கூர்மையடைந்து, மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் அழுத்தத்தையும் வலியாக உணர்வதே இந்நோயின் இயல்பு. ஆகவேதான் பரிசோதனைகள் சரியாக இருந்தும் உங்கள் வலி முழுக்க உண்மையாக இருக்கிறது. மறதியும் காலை இறுக்கமும் இதைச் சேர்ந்தவையே. அவற்றுக்காக இன்னொரு ஸ்கேன் வேண்டாம். விரல் மரப்பு இரவில் உறக்கத்தைக் கலைத்தால் மட்டும் மணிக்கட்டு நரம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

முதுகெலும்பு விலகலே நோய்களுக்குக் காரணம் என்பது 1895இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பாமர் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கியபோது முன்வைத்த கருத்து. காணொளியில் கேட்கும் 'கடக்' ஒலி எலும்பு இடத்தில் அமர்வதால் எழுவதன்று, மூட்டு நீரில் வாயுக்குமிழி உண்டாவதால் எழுவது. இடுப்புவலி உள்ள சிலருக்கு இம்முறை ஓரளவு ஆறுதல் தரலாம். ஆனால் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அது பயன்படும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஐரோப்பிய மூட்டுநோய் வல்லுநர் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட பரிந்துரைகளும் அதை ஏற்கவில்லை. போக வேண்டாம் என்பதே என் பதில்.

ஏற்கெனவே எவரிடமாவது கழுத்தைக் கொடுத்திருந்தால் பின்வருவதைக் கவனமாகப் படியுங்கள். கழுத்தெலும்பின் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் இரத்தக்குழாயின் உட்சுவர், கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அரிதாகக் கிழிந்து, அங்கே உறையும் இரத்தம் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை அடைத்துவிடலாம். கழுத்திலோ பின்மண்டையிலோ இதுவரை அறியாத ஒரு வலி, அதனுடன் தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், ஒருபக்க மரப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, உடனேயோ சில நாட்கள் கழித்தோ தோன்றினால், எண்ணெய் தடவிக்கொண்டு படுக்காதீர்கள். 108ஐ அழைத்து, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள். உறைவைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் கிடைத்தாக வேண்டும். கழுத்தைத் திருகியதை அங்குள்ள மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முடிதிருத்தும் கடையில் எடுக்கும் சொடக்குக்கும் இந்த ஆபத்து உண்டு. வர்மம் அறிந்த ஆசான்மார் பிடரியைக் காக்க வேண்டிய இடமாகப் போற்றும் கன்னியாகுமரி மாவட்டத்தில், காணொளியை நம்பி அதே இடத்தை முரட்டுக் கைகளில் ஒப்படைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மெல்ல எண்ணெய் தடவி விடுவதால் கேடில்லை.

உங்களுக்குப் பயன்படப்போவது உறக்கமும் நடையும். பூச்சந்தைக்காக விடியுமுன் எழுபவர் இரவு பதினொன்று வரை விழித்திருந்தால் எந்த மருந்தும் வலியைத் தணிக்காது. குடும்பத்தாரிடம் பேசி, ஒன்பது மணிக்குள் படுக்க வழிசெய்யுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கி, வாரத்துக்குச் சில நிமிடங்களாகக் கூட்டுங்கள். முதல் சில வாரங்கள் வலி சற்று மிகலாம், அதற்காக நிறுத்தாதீர்கள். தேவைப்பட்டால் அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபலின் ஆகியவற்றில் உங்களுக்கு ஏற்றதை மருத்துவர் தேர்ந்து தருவார்.

வழக்கமான வலி மாத்திரைகள் இந்நோயில் பெரிதாக உதவுவதில்லை. நாள்பட்டால் குடலையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தும். பெயரில்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் எலும்பே நொறுங்கும் நிலைக்கு வரும். எனவே நீங்கள் விழுங்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால், அதை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் எழுதித் தரும்வரை நீங்களாக எதையும் கைவிட வேண்டாம்.